ஒன்பது தலை உயரம்

நுழையும்முன்

ஆடை வடிவமைப்பு இன்று உயர்கல்வித் துறைகளுள் ஒன்று. துணியையும் நிறத்தையும் கற்பதற்கு முன்பே அத்துறை மாணவர் மனித உடலை வரையக் கற்கின்றனர். அவ்வுருவம் எதற்காக நீட்டப்படுகிறது, அந்நீட்சி எங்கே இடர் தருகிறது என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

உடலை உடலாலேயே அளப்பது பழைய வழக்கம். 'எண்சாண் உடம்பு' என்னும் தொடரில் ஒருவரின் கைச்சாணே அவருக்கு அளவுகோலாகிறது. சிற்ப நூல்கள் முகத்தை அளவாகக் கொண்டன. மயிர் வரம்பிலிருந்து மோவாய் வரையுள்ள நீளம் ஒரு தாலம். உருவத்தின் தகுதிக்கேற்பத் தச தாலம், நவ தாலம் என அளவு வேறுபடும். உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசும் முகத்தை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்றே கணித்தார். உச்சி முதல் மோவாய் வரையுள்ள முழுத்தலையோ அவர் கணக்கில் எட்டில் ஒரு பங்கு. முகமும் தலையும் வெவ்வேறு அளவுகள் என்பதை மறந்தால் கணக்கு முழுவதும் பிழையாகும்.

வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. பிறந்த குழந்தைக்கு நான்கு தலையே. ஆடை ஓவியரோ ஒன்பது தலை, சிலபோது பத்துத் தலை உயரத்தில் உருவத்தை அமைக்கிறார். தாளில் நெடுங்கோடு ஒன்றை ஒன்பது சம பாகமாகப் பிரித்தால் முதற்பாகம் தலைக்குரியது. மூன்றாம் பாகத்தின் முடிவில் இடை. நான்காவதன் முடிவில் கால்கள் பிரியும் இடம். எஞ்சிய ஐந்து பாகங்களும் கால்களுக்கே. இயல்பான உடலில் அவ்விடம் உயரத்தின் நடுவை ஒட்டி அமைகிறது. ஆகவே, மிகுதியாகச் சேர்ந்த நீளத்தின் பெரும்பகுதி கால்களைச் சேர்ந்ததே. துணி விழுந்து அசைவதைக் காட்டுதற்கு அந்நீளம் வேண்டப்படுகிறது.

அளவு சரியாயினும் உருவம் நிற்க வேண்டும். தொடக்கநிலை மாணவர் வரைந்த உருவங்கள் பல, தாளிலேயே சாய்ந்து விழுவனபோல் தோன்றுவதுண்டு. இதற்கு மருந்து ஒரு கோடு. கழுத்துக் குழியிலிருந்து தரைக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் எடை தாங்கி நிற்கும் உருவத்தில் அக்காலின் பாதம் இக்கோட்டையோ அதன் அருகையோ வந்தடையும். தாங்கும் பக்கத்து இடுப்பு உயரும். அதே பக்கத் தோள் தாழும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் திரிபங்கமாக நிற்கும் தேவியரிடம் இவ்வெதிர்ச் சாய்வைத் தெளிவாகக் காணலாம். அரை நிமிடத்தில், ஒரு நிமிடத்தில் என விரைவாக வரைந்து பழகுவோர்க்கு இந்நிலை விரைவில் கைவரும். அழிப்பானை நம்புவோர்க்குக் காலம் பிடிக்கும்.

உடல் அமைந்தபின் ஆடை எளிது என்று கருதலாகாது. துணி எல்லா இடத்திலும் மடிவதில்லை. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எனப் பிடிப்புள்ள இடங்களிலிருந்தே மடிப்புகள் பிறக்கின்றன. பருத்தியின் மடிப்பு முறிந்து நிற்கும். மென்பட்டின் மடிப்பு வழிந்து ஓடும். கோட்டின் தன்மையே துணியின் பெயரைச் சொல்லிவிடும்.

இனி, இந்த நீட்சியால் விளையும் இடர். ஒன்பது தலை உருவத்தில் ஒயிலாகத் தோன்றும் நீண்ட மேலங்கி, ஏழரைத் தலை மனிதரின் உடலில் கால்களை விழுங்கிவிடக் கூடும். ஓவியத்திலிருந்து நேரே அளவெடுத்தால் துணியும் உழைப்பும் வீண். அதனினும் கவலைக்குரியது, அவ்வுருவையே உண்மை உடலாக எண்ணித் தம் உடலைக் குறையாகக் காணும் இளையோரின் மனநிலை. எந்தத் தாய்க்கும் பிறவாத உடல் அது. குள்ளமானோர், பருத்தோர், முதியோர், சக்கர நாற்காலியில் அமர்ந்தோர் ஆகியோரும் ஆடை உடுத்துவோரே. அமர்ந்த உடலில் முன்பக்கத் துணி சுருண்டு மிஞ்சும், பின்பக்கத் துணி போதாமற்போகும் என்பது, நின்ற உருவங்களை மட்டுமே வரைந்தவர்க்குத் தெரியாது.

இதனாற்றான் ஆடை வடிவமைப்பாளர் இரண்டு படங்கள் வரைகின்றனர். ஒன்று, காண்போரைக் கவரும் நீண்ட உருவம். மற்றொன்று, உடலே இல்லாமல் ஆடையை மட்டும் தட்டையாக விரித்து, தையல் வரி, பொத்தான், பை, விளிம்பு ஆகியவற்றைச் சரியான விகிதத்தில் காட்டும் வரைபடம். தையற்கூடத்தில் வெட்டுவோரும் தைப்போரும் நம்பிக் கையாள்வது இரண்டாவதையே.