பருந்தின் கண்

தனுஷ்கோடிக் கரையிலிருந்து விலகிச் செல்லும் பாய்மரப் படகைப் பாருங்கள். அடிப்பாகம் முதலில் மறையும். பாய் கடைசியில் மறையும். பூமியின் வளைவே காரணம்.

வான்போரிலும் இவ்வளைவு குறுக்கிடுகிறது. ராடார் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. எனவே கரையோர ராடாருக்கு, 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் சுமார் 400 கிலோமீட்டரிலேயே தென்படலாம். 100 மீட்டர் உயரத்தில் வந்தால் சுமார் 40 கிலோமீட்டரில்தான் தென்படும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 3 நிமிடங்கள்கூட ஆகா!

முன்னறிவிப்பு தவறினால் என்ன நேரும்? 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றின் கப்பற்படையை முந்தின நாளே ஒரு ரோந்து விமானம் கண்டு எச்சரித்திருந்தது. ஆயினும் விமானங்கள் வந்து சேர்ந்தபோது, இரத்மலானையில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தரையில்தான் நின்றன. வேகமான விமானம் மட்டும் வான் ஆதிக்கம் தந்துவிடாது; எதிரியை முந்திக் காணவும் வேண்டும்.

அதற்கு வழி, கண்ணை உயர்த்துவதே. இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமான தளத்தின் பெயர் 'பருந்து'. பொருத்தமான பெயர் அல்லவா?

கணக்கிடுங்கள்: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், ராடாரின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 2,500 மீட்டர் உயரத்தில் பறக்கும் ராடார் கடற்பரப்பில் எவ்வளவு தொலைவு காணும்?

(விடை: 206 கிலோமீட்டர்)