நின்றுபோன கடிகாரம்

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த பழங்கடிகாரங்களைச் செப்பனிடுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்கு.

பிற்காலக் கடிகாரங்களில் படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிரும். மின்சுற்று அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாக மாற்றும். நின்றுபோன கடிகாரத்தில் பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது படிகமன்று. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்த மின்கலம் கசிந்து, தொடுமுனைகளை அரித்திருக்கும். எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுமுனையால் அதனைத் துடைப்பர். அமிலம் காரக்கசிவை நடுநிலையாக்கும்.

அருகிலுள்ள செப்புக் கம்பிச்சுருளிலேதான் ஆபத்து உள்ளது. அக்கம்பி தலைமுடியினும் மெல்லியது. திருப்புளி சற்றே வழுக்கினாலும் அறும். மாற்றுச்சுருள் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் தேர்ந்தவர் துப்புரவு தொடங்குமுன் மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையை அளந்துகொள்வர். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் அறவில்லை. கடிகாரம் மீண்டும் ஓடக்கூடும்.