வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு மாதம் ஒரு கூடல்: நடத்துவது எப்படி?



வாரம் ஒரு நாள் குழுவில் உட்காருகிறோம். சேமிப்பு கட்டுகிறோம், உள்கடன் கொடுக்கிறோம், தீர்மானம் எழுதுகிறோம். ஆனால் நாம் என்ன தொழில் செய்கிறோம், அதில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பேச அந்தக் கூட்டத்தில் நேரமே கிடைப்பதில்லை. தவணை வாங்கி ரசீது போடுவதற்குள் தண்ணி வந்துடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துடும்.

நம் ஊர்களில் தையல் மெஷின் வைத்திருப்பவர், பூ கட்டுபவர், அப்பளம் இடுபவர், ஊதுபத்தி உருட்டுபவர், பனை ஓலைக் கூடை முடைபவர், ஆரி வேலை செய்பவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறோம். யாருக்கும் சம்பள நாள் கிடையாது, லீவு கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆளும் கிடையாது. விலை என்ன என்று கேட்பதற்குக்கூட ஆள் இல்லாமல் நாலு சுவருக்குள் தனியாக வேலை செய்கிறோம். இப்படித் தனியாகத் தொழில் செய்பவர்கள் மாதம் ஒரு முறை ஒன்றாக உட்காருவதைத்தான் இந்தப் பாடத்தில் கூடல் என்று சொல்கிறோம். அதை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம்.

மூன்று தெரு, மூன்று விலை

எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு ஊராட்சியில் இருபது பெண்களுக்கு மேல் நைட்டி தைக்கிறார்கள். ஏஜெண்ட் வெட்டிய துணியைப் பண்டலாகத் தருவார், இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். நூல் இவர்களுடையது. ஒருத்தருக்கு என்ன கூலி என்று அடுத்தவருக்குத் தெரியாது. "உனக்கு மட்டும்தாம்மா இந்த ரேட்டு, வெளியே சொல்லிடாதே" என்று ஏஜெண்ட் ஒவ்வொருத்தரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

முதல் கூடலில் பதினோரு பேர் வந்தார்கள். அவரவர் வாங்கும் கூலியை ஒரு தாளில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னோம். பிரித்துப் படித்தபோது ஒரு தாளில் 14 ரூபாய், ஒரு தாளில் 12, ஒரு தாளில் 11 என்று இருந்தது. துணியும் ஒன்று, தையலும் ஒன்று, ஏஜெண்டும் ஒருவர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தர் மெதுவாக, "11 எழுதினது நான்தான்" என்றார். அவர் காலனியிலிருந்து வந்தவர். அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். மேலத்தெருவில் 14, கீழத்தெருவில் 12, காலனியில் 11.

அடுத்த மாதக் கூடலில் எல்லாரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். 14 ரூபாய் வாங்குபவரின் ஒரு வாரக் கணக்கு இது:

ஒரு நாளைக்கு 12 நைட்டி, 6 நாளைக்கு 72. கூலி 1,008 ரூபாய்.
நூல், ஊசி, எண்ணெய், கரண்ட் செலவு உருப்படிக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 108 ரூபாய்.
பண்டல் எடுத்து வர, கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ 60 ரூபாய்.
மீதி 840 ரூபாய்.
தைத்த நேரம் 36 மணி. பண்டலுக்காக அலைந்த நேரம் 4 மணி. மொத்தம் 40 மணி நேரம்.

840 ரூபாயை 40ஆல் வகுத்தால் மணிக்கு 21 ரூபாய். 11 ரூபாய் வாங்கியவருக்கு மணிக்கு 16 ரூபாய்கூடத் தேறவில்லை. "நான் நல்லா சம்பாதிக்கிறேன்னுதானே நினைச்சிக்கிட்டு இருந்தேன்" என்று மேலத்தெரு அக்கா சொன்னார்.

பிறகு நான்கு பேர் சேர்ந்து போய் ஏஜெண்டிடம் ஒரே விலை கேட்டார்கள். அவர் சரி என்று சொல்லவில்லை. மூன்று வாரம் பண்டலே தரவில்லை. அந்த மூன்று வாரமும் சிரமம்தான். குழுவில் உள்கடன் வாங்கிச் சமாளித்தார்கள். இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் பழைய விலைக்கே வேலை வாங்கித் தைத்தார்கள். அது தெரிந்ததும் கூடலில் பெரிய சண்டை. "அவங்களை நிறுத்தணும்" என்றார்கள் சிலர். அதில் ஒருவர் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. கடைசியில் நிறுத்தவில்லை. "அடுத்த தடவை கஷ்டம்னா முதல்ல எங்ககிட்ட சொல்லு" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்.

பண்டிகை ஆர்டர் நெருங்கியதும் ஏஜெண்ட் தானே வந்தார். மூன்று தெருவுக்கும் 13 ரூபாய், நூலும் அவர் பொறுப்பு என்று முடிவானது. நூல் செலவு உருப்படிக்கு சுமார் 1 ரூபாய். ஆகவே காலனிப் பெண்களுக்கு உருப்படிக்கு 3 ரூபாய் கூடியது, கீழத்தெருவுக்கு 2 ரூபாய். மேலத்தெருவுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே சிலருக்கு முகம் வாடியது உண்மை. ஆனாலும் அவர்கள் கூடலை விட்டுப் போகவில்லை. நாளைக்குத் தங்கள் விலையைக் குறைத்தால் கேட்க ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கும் புரிந்திருந்தது.

கூடலைத் தொடங்கும் முன்

யாரை அழைப்பது? ஒரே மாதிரித் தொழில் செய்பவர்களாக இருந்தால் நல்லது. ஊர் சின்னது என்றால் எல்லாத் தொழிலும் சேர்ந்து உட்காரலாம். 8 முதல் 20 பேர் வரை போதும். குழுவில் இல்லாதவர்களையும் கூப்பிடுங்கள். தண்டோரா, நோட்டீஸ் எல்லாம் வேண்டாம். இரண்டு பேர் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். "போய் என்ன பேசப் போறே?" என்று வீட்டில் கேட்டால் மாமியாரையும் ஒரு முறை கூட்டி வரச் சொல்லுங்கள். வந்து பார்த்தால் அவர்களே அடுத்த முறை அனுப்பி வைப்பார்கள்.

எங்கே உட்காருவது? எந்தத் தெருப் பெண்ணும் தயங்காமல் உள்ளே வந்து சமமாக உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். மகளிர் குழுக் கட்டிடம், கிராம சேவை மையம், பள்ளிக்கூடம் ஏற்றவை. ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். அந்த மூன்று விலைத் தாள்களும் ஒரே பாயில் விழுந்ததால்தான் உண்மை தெரிந்தது என்பதை மறக்க வேண்டாம்.

எப்போது? தொழிலைப் பார்த்து நாள் வையுங்கள். பூ கட்டுபவர்களுக்கு முகூர்த்த நாளும் அதன் முந்தின நாளும் ஆகாது. தையல்காரர்களுக்குப் பொங்கல், தீபாவளிக்கு முந்தின வாரங்கள் ஆகாது. அப்பளம் இடுபவர்கள் வெயில் நேரத்தை விட மாட்டார்கள். ஒரு நாளை முடிவு செய்துவிட்டால் "மாதத்தின் இரண்டாவது ஞாயிறு" என்பதுபோல மாறாமல் வையுங்கள். மாதம் ஒரு தேதி என்று மாற்றினால் மூன்றாம் மாதம் பாய் விரிக்கவே ஆள் இருக்காது.

இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது?

முதல் 15 நிமிடம்: வந்தவர்கள் பெயரும் தொழிலும் சொல்வது. புதிதாக வந்தவரை முதலில் பேச விடுங்கள்.

அடுத்த 30 நிமிடம், விலைச் சுற்று: இந்த மாதம் என்ன விலைக்கு வாங்கினோம், என்ன விலைக்கு விற்றோம், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று வட்டமாக ஒவ்வொருவரும் சொல்வது. முதல் சில மாதம் பெயர் போடாத தாளில் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் புளியங்கொட்டை போட்டுக் காட்டலாம், ஒரு கொட்டை ஒரு ரூபாய்.

அடுத்த 30 நிமிடம், ஒருவர் சிக்கல்: ஒரே ஒருவருடைய பிரச்சினையை மட்டும் எடுத்து எல்லாரும் யோசனை சொல்வது. பத்துப் பேர் பிரச்சினையைத் தொட்டால் ஒன்றும் முடியாது.

அடுத்த 30 நிமிடம், ஒரு கைப்பாடம்: நம்மில் ஒருவரே ஆசிரியர். மெஷினில் நூல் அறுந்தால் சரிசெய்வது, அளவு எடுப்பது, ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் வைப்பது, போனில் பணம் வந்ததா என்று சரிபார்ப்பது இப்படி ஏதாவது ஒன்று.

கடைசி 15 நிமிடம்: தீர்மானம் எழுதி, அடுத்த மாதம் யார் நடத்துவது என்று முடிவு செய்து கலைவது.

கட்டாயம் வேண்டிய ஐந்து விதிகள்

1. மாதம் ஒருவர் நடத்த வேண்டும். எப்போதும் ஊக்குநரே பேசினால் அது அவர் கூட்டமாகிவிடும்.

2. கூடல் கணக்கைக் குழுச் சேமிப்போடு கலக்கக் கூடாது. வருபவர்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டால் டீக்கும் நோட்டுக்கும் போதும். வரவு செலவை அங்கேயே வாசித்துக் காட்டுங்கள்.

3. ஏஜெண்ட், மெஷின் கம்பெனிக்காரர், நூல் வியாபாரி யாரிடமும் செலவுக்குப் பணம் வாங்கக் கூடாது. டீ வாங்கிக் கொடுத்தவர் முன்னால் விலை பேச வாய் வராது.

4. கூடலில் கேட்டதை வெளியே பெயர் சொல்லிப் பேசக் கூடாது. விலை விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், அது யார் கைக்கும் போய்விடும்.

5. வராதவரைப் பற்றிப் பேசக் கூடாது. வரவில்லை என்றால் இருவர் போய்ப் பார்த்து வாருங்கள்.

நமக்கு முன்னால் கூடியவர்கள்

1959ல் மும்பை கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தங்கள் கட்டிடத்து மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். அதுதான் இன்று நாடு முழுவதும் விற்கும் லிஜ்ஜத் பப்பட். அப்பளம் இடும் பெண்கள்தான் அதன் உறுப்பினர்கள்.

1972ல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் தலைச்சுமைப் பெண்கள், துணி தைப்பவர்கள், தெருவில் காய் விற்பவர்களைச் சேர்த்து சேவா சங்கத்தைத் தொடங்கினார். பதிவு செய்யப் போனபோது, "உங்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாமல் சங்கம் எதற்கு?" என்று தொழிலாளர் துறையில் தடை சொன்னார்கள். சங்கம் என்பது முதலாளியை எதிர்க்க மட்டும் இல்லை, தொழிலாளிகள் ஒன்று சேர்வதற்கும்தான் என்று வாதாடிப் பதிவு பெற்றார்கள். 1978ல் சென்னையில் ஜெயா அருணாசலம் அவர்கள் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பும் சிறு தொழில் செய்யும் ஏழைப் பெண்களைச் சேர்த்துத்தான் வளர்ந்தது.

1996ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்பாட்டை நிறைவேற்றியது. வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்பவரும் மற்றவர்களைப்போலத் தொழிலாளிதான் என்பது அதன் சாரம். இந்தியா அதை இன்னும் ஏற்று ஒப்பமிடவில்லை. ஆகவே "நானும் தொழிலாளிதான்" என்று நாமேதான் முதலில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூடலில் முடித்துவிடக்கூடிய பதிவு வேலைகள்

தனியாக அலைந்தால் ஒரு நாள் கூலி போகும். பத்துப் பேராகச் சேர்ந்தால் ஒருவர் விசாரித்து வந்து எல்லாருக்கும் சொல்லலாம்.

மாநில அரசின் தொழிலாளர் நல வாரியங்கள்: 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல தொழில்களுக்குத் தனித்தனி வாரியங்கள் உள்ளன. தையல் தொழிலாளருக்கும் உண்டு. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகள் கல்வி, திருமணம், பேறுகால உதவிகளும் முதுமையில் ஓய்வூதியமும் விதிகளின்படி கிடைக்கும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் உதவி நின்றுவிடும். ஆகவே யாருக்கு எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று கூடல் நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு குழப்பம் வர வேண்டாம்: வீட்டுப் பணியாளர் நல வாரியம் என்பது மற்றவர் வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு. நம் வீட்டில் இருந்து தொழில் செய்பவர்கள் அந்தந்தத் தொழில் வாரியத்தில் சேர வேண்டும்.

இ-ஷ்ரம் அட்டை: 2021ல் மத்திய அரசு தொடங்கியது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான பதிவு. ஆதார், வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைத்த போன் நம்பர் வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

உத்யம் பதிவு: சொந்தமாகச் செய்து விற்பவர்களுக்கு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கும் கட்டணம் இல்லை. பணம் கேட்டு வரும் தரகரிடம் ஏமாற வேண்டாம்.

முடிவாக

மூன்றாம் மாதம் ஆள் குறையும். நாங்கள் பார்த்த எல்லா ஊரிலும் குறைந்தது. ஐந்து பேர் வந்தாலும் பாயை விரியுங்கள், விலைச் சுற்றைச் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள். நடக்கிறது என்று தெரிந்தால் போனவர்கள் திரும்பி வருவார்கள். தனிமரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் எத்தனை பேர்? குழுவில் இல்லாதவர்கள் யார் யார்?

2. உங்கள் தொழிலில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? மேலே உள்ளபடி ஒரு வாரக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. பழைய விலைக்குத் தைத்த அந்த இருவரை நிறுத்தாமல் விட்டது சரியா? உங்கள் ஊர் என்றால் என்ன முடிவு செய்வீர்கள்?

4. எந்த இடத்தில் வைத்தால் எல்லாத் தெருப் பெண்களும் வருவார்கள்?

பேசி முடித்து, முதல் கூடல் எந்த நாள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டே எழுந்திருங்கள்.