ஸ்பிரேக்கு அடங்காத கரப்பான்

கேள்வி: அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வாரம் தவறாமல் ஸ்பிரே அடித்தும் சமையலறையில் குட்டிக் கரப்பான்கள் குறையவில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அவை குட்டிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜெர்மன் கரப்பான் முழுதாக வளர்ந்தாலே அரை அங்குலம்தான். பெயரில் மட்டுமே ஜெர்மனி. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து கிளைத்தது என்கிறது 2024இல் வெளியான மரபணு ஆய்வு. ஆக, சொந்த ஊர்க்காரர்!

ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள். பொரியும் தறுவாய் வரை தாய் அதைச் சுமந்தே திரியும். ஸ்பிரே அடித்தால் கண்ணில் பட்டது சாகும். இடுக்கில் இருப்பது, குழாய் நுழையும் ஓட்டை வழியே பக்கத்து வீட்டுக்குப் போய், பிறகு திரும்பி வரும்.

ஜெல் மருந்து மேல். அலமாரிக் கீல், சிங்க்கின் அடிப்பகுதி, ஃபிரிட்ஜின் பின்புறம் என்று துவரம்பருப்பு அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும். தின்றது மறைவிடத்தில் போய்ச் சாகும்; அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே கூடாது, வாடைக்கே கிட்ட வராது. ஜெல்லில் உள்ள இனிப்பை வெறுக்கும் கரப்பான் கூட்டங்களும் உண்டு. ஜெல்லைச் சீண்டவில்லை என்றால் வேறு வகைக்கு மாறுங்கள்.

ராத்திரி எச்சில் பாத்திரம், ஈரமான சிங்க், சேர்த்து வைத்த அட்டைப்பெட்டி மூன்றும் வேண்டாம். குழாய் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் பேசி, எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் மருந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.