கட்-ஆஃப் 179: எந்தக் கல்லூரி கிடைக்கும்?

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததுமே ஆளாளுக்கு ஆரூடம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். போன வருடம் தன் மகனுக்கு 175-க்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது என்பார் பக்கத்து வீட்டு மாமா. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மகன் என்ன பிரிவு, அந்த வருடம் வினாத்தாள் எப்படி, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்ற கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம்.

முதலில் கட்-ஆஃப். கணிதம் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 89 என்றால் 92 + 42.5 + 44.5 = 179. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று ஏறும், மற்ற இரண்டில் அரைதான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் எண்ணம் இருந்தால் கணிதத் தாளை முதலில் பாருங்கள்.

அடுத்து, தரவரிசைப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். கட்-ஆஃபை வைத்துக் கல்லூரியை முடிவுசெய்வதுதான் பலரும் சறுக்கும் இடம். வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும். உங்கள் 179 பின்னுக்குப் போய்விடும். சீட்டைத் தீர்மானிப்பது ரேங்க்தான். கொரோனாவால் 2021-இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை, மதிப்பெண்ணைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்த வருடத்து கட்-ஆஃபை யாராவது காட்டினால் தள்ளிவையுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும், சமூகப் பிரிவுவாரியாகக் கடைசியாகச் சீட் பெற்றவரின் விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். மூன்று வருடத்துக்கு எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பொது ரேங்கைப் பொது ரேங்கோடும், சமூக ரேங்கைச் சமூக ரேங்கோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். 31 சதவீதம் பொதுப் பிரிவு, மீதி 69 இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் பொதுப் பிரிவுச் சீட்டுக்கும் போட்டியிடலாம் என்பதால் இரண்டு வரிசையையும் பாருங்கள். எது பின்னால் முடிகிறதோ அதுதான் அவருக்கு எல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனி வரிசை உண்டு. அவர்கள் மறக்காமல் அதையும் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு உங்கள் பொது ரேங்க் 42,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில் உங்கள் சமூகப் பிரிவின் கடைசி ரேங்க் மூன்று வருடமாக 36,000, 39,500, 45,000. பார்த்தால் கிடைத்துவிடும் போலிருக்கும். அவசரப்படாதீர்கள். ரேங்க் ஏன் பின்னுக்குப் போனது? அந்தப் பாடத்தில் சீட்டைக் கூட்டியிருக்கலாம். அப்படியானால் இந்த வருடமும் அந்தச் சீட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தரவரிசைப் பட்டியல் நீண்டதும் காரணமாகலாம். போன வருடம் 1,80,000 பேர், இந்த வருடம் 2,00,000 பேர் என்றால் பழைய 45,000-க்கு இப்போது சுமார் 50,000 தான் சமம். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் போட்ட கணக்கு வெறும் ஜோசியம்.

பிறகு நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். மூன்று வருடமும் உங்கள் ரேங்குக்கு நன்றாகப் பின்னால் முடிந்திருந்தால் 'உறுதி'. சில வருடம் முன்னும் சில வருடம் பின்னும் என்றால் 'பார்க்கலாம்'. ஒரு வருடம்கூட எட்டவில்லை என்றால் 'ஆசை'.

விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் இந்தக் குறிகளின் வரிசையில் எழுதாதீர்கள். கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும் என்று பிரவுசிங் சென்டரில் யாராவது பயமுறுத்துவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கும் முதல் சீட்டைத்தான் ஒதுக்குகிறார்கள். ஆகவே விருப்பப்படியே எழுதுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி வேண்டுமென்றால் அதுவே முதலில் இருக்கட்டும். நீங்கள் போட்ட கணக்கின் பயன் பட்டியலின் அடிப்பகுதியில்தான்: உறுதி என்று குறித்தவை குறைந்தது ஏழெட்டாவது வருகிறவரை எழுதிக்கொண்டே போக வேண்டும். இருபது சாய்ஸோடு நிறுத்திவிட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த ரவுண்டுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுவேன்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுதிய சீட் கிடைத்துவிட்டால் கையிலிருந்தது தானாகவே போய்விடும். சேர மனமில்லாத கல்லூரியைப் பெயருக்காக மேலே எழுதி வைக்காதீர்கள்.