இலகுவான கேன்ட்ரி எந்திரத்துக்கு எந்த பெல்ட்? தொடக்கநிலையாளருக்கான முழுமையான வழிகாட்டி

3டி பிரிண்டர், பேனா பிளாட்டர், சிறிய லேசர் எந்திரம் என எதைக் கட்டத் தொடங்கினாலும், "இந்த பெல்ட் தாங்குமா?" என்ற கேள்வி வரும். தாங்கும். இலகுவான எந்திரத்தில் பெல்ட் அறுவது அபூர்வம். எவ்வளவு நீளும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெல்ட் துளி நீண்டாலும் கோடு இடம் மாறிவிடும். 400 × 400 மி.மீ. பரப்பில் ஓடும் டயோடு லேசர் எந்திரத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

படி 1: நகரும் எடையைக் கணக்கிடுங்கள்

ஒய் அச்சின் பெல்ட் லேசர் தலையை மட்டும் இழுப்பதில்லை. குறுக்குச் சட்டம் (கேன்ட்ரி), அதன்மேல் இருக்கும் எக்ஸ் மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கிறது. மொத்தம் 1.5 கிலோ, முடுக்கம் 3 மீ/வி² என்றால் தேவைப்படும் விசை 4.5 நியூட்டன். உராய்வுக்காக இரட்டித்தாலும் 9 நியூட்டன்தான். 2 மி.மீ. பல் இடைவெளியுள்ள 20 பல் புல்லியின் ஆரம் ஏறத்தாழ 6.4 மி.மீ. என்பதால், முறுக்குவிசை 0.06 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும். 0.4 நியூட்டன் மீட்டர் பிடிப்பு முறுக்குவிசை கொண்ட நெமா 17 மோட்டார், வேகத்தில் சற்று வலுவிழந்தாலும், இதற்குப் போதும்.

படி 2: பல்லின் வடிவத்தைப் பாருங்கள்

ஜிடி2 பெல்ட்டில் பல் இடைவெளி 2 மி.மீ. அதன் வளைந்த பற்கள் புல்லியின் பள்ளத்தில் நன்றாகப் பொருந்துவதால், திசை மாறும்போது ப்ளே (தளர்வு) குறைவு. எம்எக்ஸ்எல் பெல்ட் பார்க்க இதேபோல இருக்கும், ஆனால் அதன் இடைவெளி 2.032 மி.மீ. ஜிடி2 புல்லியில் மாட்டினால் பத்துப் பல்லுக்குள் 0.32 மி.மீ. விலகிவிடும். பெல்ட், புல்லி இரண்டும் ஒரே வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

உள்ளே கண்ணாடி இழை உள்ள ரப்பர் பெல்ட்டே சிறு புல்லிகளுக்கு ஏற்றது. எஃகுக் கம்பி உள்ளது குறைவாகவே நீளும். ஆனால் சிறிய புல்லியில் திரும்பத் திரும்ப வளைந்து கம்பி முறியக்கூடும்.

படி 3: அகலத்தை முடிவு செய்யுங்கள்

அகலம் கூடினால் நீட்சி குறையும்; நீளம் கூடினால் நீட்சியும் கூடும். 6 மி.மீ.க்குப் பதில் 9 மி.மீ. போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்காகும். நம் எந்திரத்தில் தலையை மட்டும் இழுக்கும் எக்ஸ் அச்சுக்கு 6 மி.மீ., சட்டத்தையே இழுக்கும் ஒய் அச்சுக்கு 9 அல்லது 10 மி.மீ. வைக்கலாம்.

படி 4: புல்லியைத் தேர்ந்தெடுங்கள்

20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும். 200 ஸ்டெப் மோட்டாரை 16 மைக்ரோஸ்டெப்பில் ஓட்டினால் மி.மீ.க்கு 80 ஸ்டெப் கிடைக்கும். 16 பல் புல்லியில் அது 100 ஆகும், ஆனால் பெல்ட் இன்னும் கூர்மையாக வளைய வேண்டும். எதுவானாலும் குறைந்தது 6 பற்களாவது புல்லியைக் கவ்வியிருக்க வேண்டும்.

படி 5: பெல்ட் போகும் பாதை

நகரும் பகுதிக்கும் புல்லிக்கும் இடையிலான பெல்ட், ரெயிலுக்கு இணையாக ஓட வேண்டும். சாய்ந்திருந்தால் தலை நகர நகர இறுக்கம் மாறும். பெல்ட்டின் பல் பக்கம் படும் இடத்தில் பல் வைத்த ஐட்லரும் (மோட்டாரில்லாமல் சுழலும் சக்கரம்), முதுகுப் பக்கம் படும் இடத்தில் வழவழப்பான ஐட்லரும் போடுங்கள். ஒய் அச்சை ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சட்டம் கோணிக்கொள்ளும். இரண்டு மோட்டார் வையுங்கள், அல்லது ஒரே மோட்டாரை நீண்ட ஷாஃப்டால் இருபுறமும் இணையுங்கள்.

கோர்எக்ஸ்ஒய் அமைப்பில் இரு மோட்டாரும் சட்டகத்திலேயே நிற்பதால் நகரும் எடை குறையும். ஆனால் பெல்ட் மிக நீளமாகும், இரண்டு பெல்ட்டின் இறுக்கமும் ஒத்திருக்க வேண்டும். முதல் எந்திரத்துக்கு எளிய அமைப்பே நல்லது.

படி 6: இறுக்கம்

பெல்ட்டைச் சுண்டி, எழும் ஒலியை மொபைல் செயலியில் அளக்கலாம். வோரான் 3டி பிரிண்டர்களில் 6 மி.மீ. பெல்ட்டுக்கு 150 மி.மீ. நீளத்தில் 110 ஹெர்ட்ஸ் என்பது வழக்கம். அதை ஆரம்ப அளவாகக் கொள்ளுங்கள். அதிகம் இறுக்கினால் மோட்டாரின் பேரிங் தேயும்.

படி 7: வட்டம் வரைந்து சோதியுங்கள்

மோட்டாரிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் மூலையில் சோதியுங்கள். பெல்ட் அதிகம் நீள்வது அங்கேதான்.

- மேல், கீழ், இடம், வலம் ஆகிய இடங்களில் வட்டம் தட்டையானால்: ப்ளே இருக்கிறது. முதலில் புல்லியின் கிரப் ஸ்க்ரூ, மோட்டார் ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.
- வட்டம் சீராக, அளவு மட்டும் தவறினால்: ஸ்டெப் கணக்கைத் திருத்துங்கள்.
- ஒரு சதுரமும் வரையுங்கள். மூலைக்குப் பின் கோடு அலையடித்தால்: முடுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போது அலை அடங்கினால், அந்த அச்சுக்கு இன்னும் அகலமான பெல்ட் வாங்கலாம்.