இன்டர்கூலரில் தண்ணீர்: எஞ்சினைக் கழற்ற முன் யோசியுங்கள்

மழைக்காலம் தொடங்கினால் லொறி வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்கள் என் உதிரிப்பாகக் கடைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் தண்ணீர் வருகிறது. ஹெட் கெஸ்கட் போய்விட்டதா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய செலவு இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பூட்டும் கூலி, கெஸ்கட், ஒயில், அத்தோடு லொறி கராஜில் நிற்கும் நாட்களின் வருமானமும் போகும். அவசியமில்லாமல் அந்தச் செலவில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதனை எழுதுகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

டேர்போ வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கும்போது காற்று 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டைக் குறைப்பதே இன்டர்கூலரின் வேலை. பெரும்பாலான லொறிகளில் இது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். உள்ளே ஓடுவது காற்று, வெளியே அதனைக் குளிர்த்துவதும் காற்று. ரேடியேட்டர் தண்ணீர் இதற்குள் வருவதே இல்லை.

அப்படியானால் தண்ணீர் ஏது? பதில் உங்கள் லொறியிலேயே இருக்கிறது. பிரேக்கின் எயார் டேங்க் வால்வைத் திறந்தால் தண்ணீர் வருகிறதல்லவா? டயர் கடைக் கம்பிரசரிலும் அப்படித்தான். காற்றில் உள்ள நீராவி, அமுக்கிக் குளிர வைத்தால் தண்ணீராகிறது. இன்டர்கூலரில் நடப்பதும் அதுவே.

கணக்கைப் பாருங்கள். 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள நாளில் ஒரு கன மீற்றர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 6 லீற்றர் எஞ்சின் 2000 சுற்றில், டேர்போ 1.5 பார் தள்ளும் நிலையில், நிமிடத்துக்குச் சுமார் 12 கன மீற்றர் வெளிக்காற்றை இழுக்கும். அதாவது நிமிடத்துக்குக் கால் லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர், ஆவியாக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

வெளியில் இந்தக் காற்று சுமார் 26 பாகைக்குக் குளிர்ந்தால்தான் நீர்த்துளி படியும். டேர்போ அதனை இரண்டரை மடங்கு அமுக்கியதும் அந்த எல்லை சுமார் 43 பாகைக்கு ஏறிவிடுகிறது. இன்டர்கூலரிலிருந்து வெளியேறும் காற்று அதற்குக் கீழே குளிர்ந்தால் தண்ணீர் படியத் தொடங்கும்.

வெயில் நேரத்தில் பாரத்துடன் ஓடும்போது காற்று அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆனால் மழை நீர் இன்டர்கூலரில் நேரடியாக அடிக்கும்போதும், ஈரமான அதிகாலையில் ஏற்றம் ஏறும்போதும் குளிர்ந்துவிடும். படியும் நீரில் பெரும்பகுதி தூவானமாகச் சென்று எஞ்சினுக்குள் ஆவியாகிவிடும். மிச்சம் அடியில் தேங்கும்.

என்ன பாதிப்பு?

கொஞ்சத் தண்ணீரால் டீசல் எஞ்சினுக்கு உடனடி ஆபத்து இல்லை. தேங்கியது ஏற்றத்தில் ஒரேயடியாக அள்ளப்பட்டால் எஞ்சின் ஒரு கணம் தடுமாறி வெள்ளைப் புகை விடலாம். பெற்றோல் எஞ்சினுக்குத்தான் இது கூடுதல் தொல்லை. அமெரிக்காவில் போர்ட் எஃப்-150 ரகத்தின் டேர்போ பெற்றோல் எஞ்சின்கள் இதே காரணத்தால் திடீரென வலுவிழப்பதாக முறைப்பாடுகள் வந்து, 2013இல் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை நடத்தியது.

நமது லொறிகளுக்கு உள்ள பாதிப்பு மெதுவானது. தண்ணீரும் ஒயில் படலமும் தூசியும் சேர்ந்து சேறாகி இன்டர்கூலர் குழாய்களை அடைக்கும். இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்கும். கொமன் ரெயில் எஞ்சின்களில் காற்றழுத்த சென்சர் அழுக்கேறி வலு குறையும்.

நீங்களே பார்க்கக்கூடிய மூன்று பரிசோதனைகள்

ஒன்று: இரவு நின்ற லொறியின் இன்டர்கூலர் கீழ் ஹோஸைக் காலையில் கழற்றி, வருவதை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். தெளிந்த நீர் சிறிதளவு என்றால் அது காற்றின் நீர். மெல்லிய ஒயில் படலமும் வழமையானதே. கோப்பை அளவுக்கு ஒயில் வந்தால் டேர்போவையும் எயார் பில்டரையும் எஞ்சினின் பிரீதரையும் பார்க்க வேண்டும். கலங்கிய சேற்று நீர் அதிகமாக வந்தால் எயார் பில்டர் பெட்டி வழியாக மழை நீரோ வெள்ள நீரோ உள்ளே போயிருக்கிறது. அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கொன்ரொட் வளைந்துவிடும்.

இரண்டு: ரேடியேட்டர் தண்ணீரின் மட்டத்தை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறியிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

மூன்று: டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் போல இருக்கக் கூடாது.

ஹெட் கெஸ்கட் போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், ஒயிலில் கலக்கும், அல்லது ரேடியேட்டரில் குமிழி வரும். ஆகவே தண்ணீர் மட்டமும் குறையவில்லை, ஒயிலும் சுத்தம் என்றால் ஹெட்டில் கை வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

புத்தளத்திலிருந்து குருநாகல் வழியாகக் கண்டிக்கு உப்பு ஏற்றும் ஹாஜியார் ஒருவர், எஞ்சினைக் கழற்றச் சொன்ன ஒரு கராஜின் மதிப்பீட்டுத் துண்டுடன் என்னிடம் வந்தார். "ஹாஜியார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டி வருகிறதா?" என்று கேட்டேன். "இல்லை தம்பி, ஒரு சொட்டும் குறையவில்லை" என்றார். மழையில் கலகெதர ஏற்றம் ஏறிய மறுநாள்தான் தண்ணீரைக் கண்டிருக்கிறார்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி, வெடித்திருந்த ஒரு ஹோஸை மாற்றியதோடு வேலை முடிந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில ஜெனரேட்டர்களிலும் படகு எஞ்சின்களிலும் இன்டர்கூலரைக் குளிர்த்துவது தண்ணீர்தான். அங்கே தண்ணீர் கண்டால் உள்ளே கசிவு இருக்கலாம், உடனே பரிசோதியுங்கள்.

செய்யக் கூடாதவை

தண்ணீர் வடியட்டும் என்று இன்டர்கூலரில் துளை போடாதீர்கள். காற்று கசிந்து வலு குறையும், கரும்புகை வரும், அலுமினியம் அந்த இடத்தில் வெடிக்கும். குளிராமல் இருக்க மட்டை வைத்து மறைக்கவும் வேண்டாம். நமது வெப்பத்தில் அது எஞ்சினுக்கே கேடு. மழைக்காலத்தில் ஒவ்வொரு சேர்விசின்போதும் கீழ் ஹோஸைக் கழற்றி வடித்தால் போதும்.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும்

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரை பழைய லொறிகளே கைமாறின. இன்றும் நம்மில் பலர் வாங்குவது பாவித்த லொறிதான். வாங்குபவர் மேற்சொன்ன மூன்றையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். தெளிந்த நீரைக் கண்டு பயந்து நல்ல லொறியை விட்டுவிடவும் வேண்டாம்.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வெள்ளத்தில் நின்ற லொறியைக் கழுவித் துடைத்து, ஒன்றும் நடக்காதது போல் விற்பது வியாபாரத் திறமை அல்ல. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அன்று நனைந்தது தானியம், இன்று நனைவது லொறி. ஈரத்தை மறைக்காமல் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.